ஒரு புள்ளியால் வந்த பழி

பத்திரிகைத் தொழிலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் காலந்தள்ளியவன் என்ற முறையில், எழுத்துப்பிழையால் விளைந்த அனர்த்தங்கள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரும் அறிவிப்பவரின் பெயரும் இடம் மாறியதுண்டு. திருமண வாழ்த்தில் ஒரு கொம்பு விடுபட்டமையால் ஒரு குடும்பமே ஆசிரியபீடத்துக்குப் படையெடுத்து வந்ததுண்டு. ஆனாலும் எழுத்துப்பிழையை வாசகர் கண்டுபிடித்துவிடுவார். சிரிப்பார், அல்லது சினப்பார். இலக்கப்பிழை அப்படிப்பட்டதன்று. சரியான எண்ணைப் போலவே உடுத்திக்கொண்டு வந்து, நம்பவைத்து, காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடும்.

இன்று நான் எழுதப்போவது இலக்கப்பிழைகூட அல்லாத ஒன்றைப் பற்றியது. எண் சரி, கூட்டல் சரி, கணக்கும் சரி. எண்ணை எழுதிக் காட்டிய விதம் மாத்திரமே பிழைத்துவிட்டது. அதனால் ஒரு நல்ல மனிதர் மீது களவுப் பழி விழுந்தது.

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர்கள் இன்று பல நாடுகளில் வாழ்கிறார்கள். பாடசாலை நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்புவதென அவர்கள் முடிவெடுத்து நிதி சேர்த்தனர். வரவு செலவு யாவும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கவேண்டும் என்பதற்காக, ரொறன்ரோவில் மென்பொருள் துறையில் பணிபுரியும் என் அக்காவின் மகன் ஓர் இணையச் செயலியைச் செய்து கொடுத்தான். அதைத் திறந்தால் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு செலவானது என்பன சலாகை வரைபுகளாகத் தோன்றும். ஒவ்வொரு சலாகையின் தலையிலும் அதற்குரிய தொகை இருக்கும். நல்ல முயற்சி. நானும் பாராட்டினேன்.

ஊரிலிருந்து கணக்கைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஊரவர் அவரைக் 'கணக்கு மாஸ்ரர்' என்றே அழைப்பர். சம்பளமில்லாத வேலை. வாங்கிய ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் பற்றுச்சீட்டு வைத்திருந்தார்.

கட்டடத்துக்குச் செலவான தொகை 23 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. வரைபிலே இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மருமகன் தொகைகளை ஆயிரத்தால் வகுத்து, தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் 'ரூபா ஆயிரத்தில்' என்று போட்டிருந்தான். ஆகவே அவனது கணனித் திரையில் அந்தச் சலாகையின் தலையில் 2,350 என்று இருந்தது. அதாவது இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ஆயிரம். யாதொரு குற்றமும் இல்லை.

ஜேர்மனியில் வதியும் ஓர் அம்மையார் அதே பக்கத்தைத் தமது கைத்தொலைபேசியில் திறந்தார். அவருடைய தொலைபேசியின் மொழி ஜேர்மன். அவருடைய திரையில் அதே சலாகையின் தலையில் 2.350 என்று இருந்தது. அவருக்கு அதில் குழப்பம் ஏற்படவில்லை. முப்பது ஆண்டுகளாக அங்கே வாழ்கின்றவர். ஜேர்மனியில் ஆயிரத்தைப் பிரித்துக் காட்டுவது புள்ளிதான். பெருமையோடு அந்தச் சலாகையை மாத்திரம் வெட்டியெடுத்து, ஊர் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவைத்தார். தலைப்பும், 'ரூபா ஆயிரத்தில்' என்ற குறிப்பும் வெட்டுப்பட்டுப் போயின.

ஊரிலே அதைப் பார்த்தவர்கள் 2.350 என்பதை இரண்டு தசம் மூன்று ஐந்து என்றே வாசித்தார்கள். வேறெப்படி வாசிப்பது? கட்டடச் செலவை ஊரில் எவரும் ஆயிரத்தில் பேசுவதில்லை, இலட்சத்தில்தான் பேசுவார்கள். ஆகவே 2.35 இலட்சம். 'கொடுத்தது இருபத்து மூன்று இலட்சத்துக்கு மேல், செலவழித்தது இரண்டே முக்கால் இலட்சங்கூட இல்லை. மிச்சம் 21 இலட்சத்து 15 ஆயிரமும் எங்கே?' என்ற கேள்வி அன்றிரவே எழுந்தது. மறுநாட்காலை அது கேள்வியாக இருக்கவில்லை. தீர்ப்பாகியிருந்தது.

விளக்கம் கொடுக்க மூன்று நாட்கள் பிடித்தன. பத்திரிகைக்காரர்கள் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. பிழையான செய்தி முதற் பக்கத்தில் ஓடும், திருத்தம் ஏழாம் பக்கத்தின் மூலையில் நடக்கும். பழியை வாசித்த எல்லோரும் விளக்கத்தை வாசிக்கவில்லை. கணக்கு மாஸ்ரர் பற்றுச்சீட்டுக் கோவையைப் பாடசாலை அதிபரிடம் ஒப்படைத்துவிட்டுப் பதவியை விட்டு விலகினார்.

மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன். 'மாமா, என்ரை கொம்பியூட்டரிலை சரியாத்தானே இருந்தது' என்றான். உண்மைதான். அவனுடைய கணனியில் சரியாகத்தான் இருந்தது. பிரச்சினையின் வேர் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

உலாவி செய்யும் உபகாரம்

எண் ஒன்றை எந்த மொழியில், எந்த நாட்டு வழக்கில் எழுதுவது என்பதை இன்றைய இணைய உலாவிகள் தாமாகவே தீர்மானிக்க வல்லவை. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இதற்கான தரம் 2012இல் வகுக்கப்பட்டது. எந்த நாட்டில் காற்புள்ளி, எந்த நாட்டில் புள்ளி, எங்கே இடைவெளி என்பவற்றையெல்லாம் யூனிக்கோட் ஒன்றியம் ஒரு பெருந்தரவுக் களஞ்சியமாகப் பேணி வருகிறது. நிரல் எழுதுபவர் 'இந்த எண்ணை இன்ன நாட்டு வழக்கில் எழுது' என்று சொன்னால் உலாவி அவ்வாறே எழுதும். ஒன்றுமே சொல்லாவிட்டால், பார்ப்பவரின் கருவியில் உள்ள மொழி எதுவோ அதன் வழக்கில் எழுதிவிடும். வரைபு தீட்டும் நிரல்தொகுதிகள் சிலவும் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

இது கெட்ட எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அன்று. பார்ப்பவருக்குப் பழக்கமான முறையில் எண்ணைக் காட்டுவது மரியாதையே. ஆனால் அந்த மரியாதை முழுமையானதாக இருக்கவேண்டும். பக்கத்தின் சொற்கள் தமிழில். பணம் இலங்கை ரூபாவில். எண் மட்டும் ஜேர்மன் உடுப்பில். வேட்டி சால்வையுடன் வந்தவரின் தலையில் வேற்று நாட்டுத் தொப்பியை வைத்தது போன்ற இந்தக் கலப்பைச் செய்தது உலாவியாயினும், அதற்கு இடங்கொடுத்தது ஒன்றுமே சொல்லாத நிரல்.

நம்மவர்கள் வாழும் நாடுகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடாவின் ஆங்கிலம் பேசும் பகுதி, இலங்கை ஆகியவற்றில் ஆயிரத்தைப் பிரிப்பது காற்புள்ளி, தசமத்தைக் குறிப்பது புள்ளி. ஜேர்மனியில் இது அப்படியே தலைகீழ். பிரான்சிலும் நோர்வேயிலும் ஆயிரங்களுக்கிடையே இடைவெளி விட்டு, தசமத்துக்குக் காற்புள்ளி இடுவர். கனடாவுக்குள்ளேயே மொன்றியலில் பிரெஞ்சு மொழியில் எழுதினால் முறை மாறிவிடும். சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பகுதியில் ஆயிரங்களுக்கிடையே மேலே ஒரு சிறு கொளுவி நிற்கும். அண்ணன் பாரிஸில், தம்பி லண்டனில், தங்கை சூரிச்சில், பெற்றோர் யாழ்ப்பாணத்தில் என்று வாழும் ஒரே குடும்பத்துக்குள் ஒரே எண்ணுக்கு மூன்று உடைகள்.

இந்தக் குழப்பம் புதியதன்று. நிறைகள், அளவைகள் பற்றிய சர்வதேசப் பொது மாநாடு 1948ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி சொன்னது. பெரிய எண்களை மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்கலாம். ஆனால் இடையிலே புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம், வெறும் இடைவெளி விடுங்கள் என்றது. தசமக் குறியாகப் புள்ளி, காற்புள்ளி இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று 2003இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. உலகம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

இலட்சமும் மில்லியனும்

நம்முடைய நிலைமை இன்னுமொரு படி சிக்கலானது. இலங்கையில் நாம் எழுதுவது ஒரு விதம், வாசிப்பது இன்னொரு விதம். காசோலையில் 2,350,000 என்று மும்மூன்றாகப் பிரித்து எழுதுகிறோம். வாய் திறந்தால் இருபத்து மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம் என்கிறோம். இந்தியாவிலோ எழுத்தும் பேச்சும் ஒன்று. 23,50,000 என்று இலட்சத்தில் காற்புள்ளியிட்டு, இலட்சமென்றே வாசிப்பார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 20,359,439. ஆங்கிலப் பத்திரிகையில் அது 20.36 மில்லியன். எங்கள் பேச்சில் அது இரண்டு கோடியே மூன்று இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. ஒரு செய்தியை மொழிபெயர்க்கும்போது மில்லியனை இலட்சமாக்கும் இடத்தில் எத்தனை உதவியாசிரியர்கள் ஒரு பூச்சியத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதை என்னைப் போன்றவர்களைக் கேட்டால் சொல்வோம். நானும் தவறவிட்டவன்தான்.

கணனி இதை எப்படிக் கையாளுகிறது? எண்ணைத் தமிழ் வழக்கில் எழுதும்படி உலாவியிடம் சொன்னால் 23,50,000 என்று இந்திய முறையில் காற்புள்ளியிடும். இலங்கைத் தமிழ் என்று குறிப்பிட்டாலும் அதே விளைவுதான். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் என்றால் மும்மூன்றாகப் பிரிக்கும். வரைபுகளில் இடம் போதாதபோது சுருக்கமாக எழுதும்படி கேட்டால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. தமிழில் 'ஆ' என்றால் ஆயிரம், 'மி' என்றால் மில்லியன், 'பி' என்றால் பில்லியன். காற்புள்ளி இட்டபோது இலட்சத்தைத் தெரிந்திருந்த கணனி, சுருக்கி எழுதும்போது இலட்சத்தை மறந்துவிடுகிறது. இந்தி மொழிக்கு இலட்சமும் கோடியும் சுருக்கத்தில் கிடைக்கின்றன. நமக்கில்லை. இந்தக் களஞ்சியத்துக்கு யாரும் ஆலோசனை கூறலாம் என்பதால், இதில் பிறரைக் குறைகூற நமக்கு உரிமை குறைவு.

அத்துடன் முடியவில்லை. மேற்படி 2,350,000ஐச் சுருக்கச் சொன்னால் '2.4மி' என்று வரும். ஏனெனில் சுருக்க முறை, எண்ணைத் தானாகவே மட்டந்தட்டிவிடுகிறது. 2.35, 2.4 ஆகிறது. ஐம்பதாயிரம் ரூபா எங்கிருந்தோ வந்து கூடிவிட்டது. மாஸ்ரர் மீது களவுப் பழி சுமத்தியவர்கள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆங்கில எழுத்துகளைப் போட்டால் சிக்கல் தீருமா என்றால் அதுவும் இல்லை. 'எம்' என்ற எழுத்து பெரும்பாலானோருக்கு மில்லியன். ஆனால் உரோம எண்முறையில் அது ஆயிரம். அதைப் பின்பற்றி ஆயிரத்துக்கு ஒரு 'எம்', மில்லியனுக்கு இரண்டு 'எம்' எழுதும் கணக்காளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரைபுகளுக்குப் பேர்பெற்ற டி3 என்னும் நிரல்தொகுதியில் அறிவியல் அளவை முன்னொட்டுகளின்படி சுருக்கினால் நூறு கோடிக்கு 'ஜி' என்ற எழுத்து வரும். 'கிகா' என்பதன் சுருக்கம் அது. மின்வலுவுக்குப் பொருந்தும், நாட்டின் கடனை அப்படி எழுதினால் யாருக்கு விளங்கும்?

பில்லியன் என்ற சொல்லே உலகெங்கும் ஒன்றன்று. பிரித்தானிய அரசாங்கம் 1974இல்தான் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்று உத்தியோகபூர்வமாக ஏற்றது. அதற்கு முன்னர் அங்கே அது மில்லியன் மில்லியனைக் குறித்தது. ஜேர்மன் மொழியில் இன்றுங்கூட 'பில்லியோன்' என்றால் மில்லியன் மில்லியன். ஆயிரம் மில்லியனுக்கு அவர்கள் சொல்வது 'மில்லியார்டே'. அங்கே படித்து வளர்ந்த நம் பிள்ளை, இலங்கையின் கடன் பற்றிய தமிழ் வரைபில் பில்லியன் என்று வாசித்தால், ஆயிரம் மடங்கு கூட்டி எண்ண இடமுண்டு.

சதவீதம் என்னும் சறுக்குமரம்

எண்ணின் உடை ஒருபுறமிருக்க, அதன் பின்னால் நிற்கும் குறியும் வாசகரை ஏமாற்றவல்லது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் உயர்த்தியது. வைப்பு வசதி வீதம் 6.50 சதவீதத்திலிருந்து 13.50 சதவீதமாயிற்று. இந்த மாற்றத்தை ஒரு சலாகையாக வரைந்து தலையில் '7%' என்று எழுதினால் சரியா? ஏழு சதவீதப் புள்ளிகள் என்று எழுதினால் சரி. ஏழு சதவீத அதிகரிப்பு என்றால் பிழை. உண்மையில் வீதம் இருமடங்குக்கும் மேலாகியிருந்தது. ஒரே குறி; இரண்டு பொருள்; இரண்டுக்குமிடையே கடன்பட்ட குடும்பங்களின் கதி.

பணவீக்க வரைபும் இவ்வாறே. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகியது. மலையிலிருந்து விழுந்த கோடு. அதைப் பார்த்தவர்கள், 'சாமான் விலை இறங்கிவிட்டது என்கிறார்கள், கடையில் இறங்கவில்லையே, பொய் சொல்கிறார்கள்' என்று கோபித்தார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. கோட்டின் ஓரத்தில் வெறுமனே 'பணவீக்கம்' என்றெழுதாமல், 'முன்னைய ஆண்டின் இதே மாதத்துடன் ஒப்பிடுகையில் விலை அதிகரிப்பு' என்று எழுதியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

இல்லாத எண்ணும் பூச்சியமும்

எனக்கு மிகவும் மனத்தாங்கலைத் தரும் விடயத்துக்கு இப்போது வருகிறேன். தரவு இல்லாத இடத்தில் பூச்சியம் போடுவது.

பூச்சியம் என்பது ஓர் எண். 'எண்ணினோம், ஒருவரும் இல்லை' என்பது அதன் பொருள். தரவு இல்லை என்பதன் பொருள் 'எண்ணவில்லை' என்பதாகும். இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால் கணனி நிரல்கள் பலவற்றில் வெறுமையாக இருக்கும் கட்டம் எங்கோ ஓரிடத்தில் பூச்சியமாக மாறி, வரைபில் '0' என்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அல்லது இடையிலுள்ள ஆண்டுகளை விழுங்கிவிட்டு, இரு முனைகளையும் ஒரு நேர்கோடு இணைத்துவிடுகிறது.

இலங்கையில் 1981இல் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நடக்கவேண்டியது நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது, 25 மாவட்டங்களில் 18 மாவட்டங்களில் மாத்திரமே அது முழுமையாக நிறைவேறியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவை முழுமையாக எண்ணப்படாத ஏழு மாவட்டங்கள். நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இல்தான். இடையில் முப்பத்தொரு ஆண்டுகள்.

1981இல், கிளிநொச்சியையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய யாழ். மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். 2012இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு மாவட்டங்களையும் கூட்டிப் பார்த்தாலும் ஏழு இலட்சம் வரவில்லை. இவ்விரு எண்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து வரைந்த படம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, அமைதியாக மக்கள் குறைந்துகொண்டு போனதுபோல் அந்தக் கோடு சரிந்து இறங்கியது. 1995இல் ஒரு நகரமே இரவோடிரவாக எழுந்து நடந்தது அந்தக் கோட்டில் இல்லை. போனவர்கள், திரும்பியவர்கள், மீண்டும் போனவர்கள், திரும்பவே முடியாதவர்கள் எவருமே அதில் இல்லை. இன்னொரு படத்தில் இடையாண்டுகளின் மேல் '0' என்றிருந்தது. எங்களை எண்ணாமல் விட்டது ஒரு குறை. எண்ணிப் பார்த்தோம், ஒருவரும் இல்லை என்று எழுதுவது அதைவிடப் பெரிய குறை.

செய்ய வேண்டியது எளிது. கோட்டை அந்த இடத்தில் முறித்துவிடுங்கள். வெற்றிடத்தின் மீது 'கணக்கெடுப்பு இல்லை' என்று இரண்டு சொற்கள் எழுதுங்கள். அந்த வெற்றிடமும் ஒரு வரலாறு.

சில யோசனைகள்

நான் நிரல் எழுதத் தெரிந்தவன் அல்லன். ஆனால் மருமகனுடன் இரண்டு வார இறுதிகள் தொலைபேசியில் உட்கார்ந்து அந்தச் செயலியைத் திருத்தியதில் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். இளைய தலைமுறைத் தொழில்நுட்பவியலாளர்கள் உலகெங்கும் நம் சங்கங்களுக்கும் கோவில்களுக்கும் பாடசாலைகளுக்கும் இத்தகைய செயலிகளைச் செய்து கொடுக்கிறார்கள் என்பதால் அவற்றை இங்கே முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணின் வழக்கைப் பார்ப்பவரின் கருவியிடம் ஒப்படைக்காதீர்கள். பக்கத்தின் மொழி எதுவோ அதனுடன் எண்ணின் வழக்கையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பக்கம் ஜேர்மன் மொழிக்கு மாறினால் எண்ணும் மாறட்டும். பக்கம் தமிழில் இருக்கும்வரை எண்ணும் ஒரே விதமாக இருக்கட்டும்.

இரண்டாவது, அச்சிலே புள்ளியும் காற்புள்ளியும் வேண்டாதபடி அலகைத் தெரிவுசெய்யுங்கள். 500,000, 1,000,000, 1,500,000 என்று அச்சை நிரப்புவதை விட, உச்சியில் 'இலட்சம் ரூபா' என்று ஒருமுறை எழுதி, 5, 10, 15, 20, 25 என்று இடலாம். முழு எண்ணுக்குத் தேசம் இல்லை. அதைப் பாரிஸிலும் பருத்தித்துறையிலும் ஒரே விதமாகத்தான் வாசிப்பார்கள்.

மூன்றாவது, சலாகையின் தலையில் உள்ள ஒவ்வொரு எண்ணோடும் அலகையும் சேர்த்தெழுதுங்கள். தலைப்பில் ஒருமுறை எழுதினாற் போதும் என்பது அச்சுக் காலத்து எண்ணம். அன்று படம் பக்கத்தை விட்டு எங்கும் போகாது. இன்று படம் தனியே வெட்டுப்பட்டு, ஊரூராகப் பயணம் போகிறது. விரலை வைத்தால் முழு விபரமும் தோன்றும் ஏற்பாடு நல்லதுதான்; வெட்டியெடுத்த படத்தில் விரலை வைத்தால் ஒன்றும் தோன்றாது. 'ரூ. 23 இலட்சத்து 50 ஆயிரம்' என்று சொல்லோடு எழுதினால் சற்று நீளும். நீளட்டும். குழப்பம் இராது.

நான்காவது, மட்டந்தட்டினால் அதைச் சொல்லுங்கள். அச்சில் மட்டந்தட்டலாம், கணக்கு ஒப்புவிக்கும் அட்டவணையில் கூடாது. மூன்று சம பங்குகளை முழுச் சதவீதத்தில் எழுதினால் 33, 33, 33. கூட்டினால் 99. மீதி ஒன்று எங்கே என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் மாத்திரமல்ல, எல்லா ஊர்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கு மறுதலையான குற்றமும் உண்டு. கணனி பின்னங்களை இருமத்தில் வைத்திருப்பதால், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டில் 0.30000000000000004 என்று வரும். அந்த வாலை வெட்டாமல் அப்படியே சலாகையின் தலையில் தொங்கவிட்ட பக்கங்களைக் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, வேறு நாட்டில், வேறு மொழியில் இயங்கும் ஒரு கருவியிலே பார்த்தபின்னரே வெளியிடுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஜேர்மனியில் ஒரு சித்தி, பாரிஸில் ஒரு மச்சான் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று எது?

தமிழ் எண்களையே பயன்படுத்தினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ்ப் பூச்சியத்துக்கு யூனிக்கோடில் 2005இல் இடம் கிடைத்துவிட்டது. உலாவிகளுக்கும் தமிழ் எண்களில் எழுதத் தெரியும். ஆனால் ௧ என்பதைக் 'க' என்றும் ௭ என்பதை 'எ' என்றும் ௮ என்பதை 'அ' என்றும் வாசிப்பவர்களே இன்று அதிகம். அழகுக்கு நல்லது. பணக்கணக்குக்கு வேண்டாம் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

இவ்வளவு சிறிய விடயத்துக்கு இவ்வளவு நீண்ட கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். வில்லியம் பிளேஃபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1786இல் இங்கிலாந்தின் வர்த்தகக் கணக்கை வரைபுகளாக வெளியிட்டார். இன்று நாம் காணும் கோட்டு வரைபுக்கும் சலாகை வரைபுக்கும் முன்னோடி அந்த நூலே. அதில், கீழ்க்கோடு ஆண்டுகளைக் குறிக்கிறது, பக்கக்கோடு பத்தாயிரம் பவுண் வீதம் பிரிக்கப்பட்டுள்ளது என்று வரைபின் கீழேயே அவர் எழுதிவைத்தார். முன்பின் வரைபைக் கண்டிராத வாசகருக்கு அதை விளக்க வேண்டிய கடமை தம்முடையது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், படம் தீட்டுவது இலகுவாகிவிட்டது. கடமை மாறவில்லை.

செயலி திருத்தப்பட்ட பின்னர் கணக்கு மாஸ்ரரின் வீட்டுக்குப் போனேன். திரையைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு சலாகையாகப் பார்த்தார். 'இப்ப சரி' என்றார். சற்றுப் பொறுத்து, 'விடையிலை அலகு எழுதாட்டி ஒரு புள்ளி குறைப்பன். பெடியள் என்னைத் திட்டாத திட்டில்லை' என்றார்.

மீண்டும் பொருளாளராக வரும்படி சங்கத்தினர் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.